விடையை எழுதிவிட்டு லிங்க்கைப் போடுங்கள்

“நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா? சற்றுமுன் வெளியான முக்கிய அறிவிப்பு!” அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் கடைசிவரை இந்தத் தலைப்பு ஏதாவது ஒரு வடிவத்தில் நம் வாட்ஸ்அப் குரூப்புகளுக்கு வந்துகொண்டே இருக்கும். திறந்து படித்தால் முதல் நான்கு பத்திகளில் வங்கக்கடல் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி இருக்கும். கடைசிப் பத்தியில், மழை நிலவரத்தைப் பார்த்து மாவட்ட ஆட்சியர்கள் முடிவெடுப்பார்கள் என்று ஒரு வரி. அறிவிப்பு என்று எதுவுமே வந்திருக்காது.

குரூப்பில் அதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். ஒருவர், “தூறலுக்கெல்லாம் லீவு விட்டா படிப்பு எப்படி வரும்” என்பார். இன்னொருவர் ஆசிரியர்கள் சம்பளத்தை இழுப்பார். மூன்றாமவர் ஆளுங்கட்சியை, நான்காமவர் முந்தைய ஆட்சியை. அந்தக் குரூப்பில் ஒரு ஆசிரியை இருந்தால் அவர் பதில் சொல்வார் அல்லது சொல்லாமல் வெளியேறுவார். இல்லாத ஒரு அறிவிப்புக்காக, ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் இரண்டு பேர் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். குடியிருப்போர் குரூப், பழைய மாணவர் குரூப், சொந்தபந்தங்களின் குரூப் எல்லாவற்றிலும் இதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது. தடுக்க முடியாத விஷயம் இல்லை இது. ஒரே ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் அடங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்: லிங்க் போடுபவர், தலைப்பு ஒளித்துவைத்த விடையைத் தன் கையால் ஒரு வரியில் எழுதிவிட்டுத்தான் போட வேண்டும்.

இது ஏன் வேலை செய்யும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற உளவியல் பொருளியல் அறிஞர் 1994-இல் ஆர்வம் என்பதை ஓர் இடைவெளியாக விளக்கினார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவில் ஒரு ஓட்டை இருப்பதை யாராவது சுட்டிக்காட்டினால், அதை அடைக்கும்வரை மனம் அமைதி கொள்ளாது. “யார் தெரியுமா?”, “காரணம் இதுதான்”, “ரேஷன் கார்டுதாரர்களுக்கு குட் நியூஸ்” எல்லாம் அந்த ஓட்டையைத் தோண்டும் வேலைதான். தனியாகப் படிக்கும்போது அந்த ஓட்டையைக் கிளிக் செய்து அடைப்போம். குரூப்பில் பலர் திறப்பதே இல்லை. தன் முன்முடிவை எடுத்து அதில் நிரப்பிவிடுகிறார்கள். 2016-இல் கொலம்பியா பல்கலைக்கழகமும் ஒரு பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வில், ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி லிங்க்குகளில் 59 சதவீதம் ஒருமுறைகூடக் கிளிக் செய்யப்படவில்லை என்று தெரியவந்தது.

இன்னொன்று இதைவிடக் கவலை தருவது. ஆஸ்திரேலியாவில் உல்ரிக் எக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், திசைதிருப்பும் தலைப்பைப் பார்த்தவர்கள் முழுக் கட்டுரையைப் படித்த பிறகும் அந்தத் தலைப்பின் சாய்விலேயே செய்தியை நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே “முழுசாப் படிச்சுட்டுப் பேசுங்க” என்று அதட்டுவதால் மட்டும் பயன் குறைவு. தலைப்பு கண்ணில் படுவதற்கு முன்பே சரியான வாக்கியம் கண்ணில் பட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் லிங்க்கை ஒட்டியதும் படத்தோடும் தலைப்போடும் ஒரு பெட்டி தோன்றுகிறது அல்லவா, அந்த முன்னோட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். பெரும்பாலான செய்திப் பக்கங்களின் நிரலில் சமூக ஊடகங்களுக்கென்றே தனியாக ஒரு தலைப்பு, ஒரு படம், ஒரு சிறுகுறிப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தின் உள்ளே பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேடுபொறிக்கு ஒன்று, அலைபேசி அறிவிப்புக்கு ஒன்று, பகிர்வுக்கு ஒன்று என்று ஒரே செய்திக்கு மூன்று நான்கு தலைப்புகள் வைப்பது சாதாரணம். பெரும்பாலும் செய்தியாளர் எழுதிய தலைப்பு உள்ளே நிதானமாகவே இருக்கும். வெளியே தொங்குவது கிளிக்குக்காகச் செய்தி அலுவலகத்தின் டெஸ்க்கில் மாற்றப்பட்டது. எனவே செய்தியாளரைத் திட்டுவதற்கு முன் உள்ளே போய்ப் பார்ப்பது நியாயம்.

மேலும், அந்த முன்னோட்டத்தை எடுத்துவருவது அனுப்புபவரின் போன். அனுப்பிய நொடியில் இருந்த தலைப்பு அந்த மெசேஜிலேயே தங்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்து இணையதளம் தலைப்பைத் திருத்தினாலும் குரூப்பில் பழைய தலைப்பே நிற்கும். “லிங்க்ல அப்படி இல்லையே” என்று ஒருவரும், “இதோ இருக்கே பாருங்க” என்று இன்னொருவரும் மோதிக்கொள்வது பல நேரம் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மை.

இதற்கு எளிய வழி இருக்கிறது. லிங்க்கை ஒட்டியதும் தோன்றும் முன்னோட்டப் பெட்டியின் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அனுப்புவதற்கு முன் அதைத் தொட்டால் படமும் தலைப்பும் போய்விடும். வெறும் முகவரி மட்டும் மிஞ்சும். அதற்கு மேலே உங்கள் வரியை எழுதுங்கள். படிப்பவர் முதலில் பார்ப்பது உங்கள் வாக்கியமாக இருக்கும். அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது என்றால், 15 நிமிடத்துக்குள் மெசேஜை அழுத்திப் பிடித்து எடிட் செய்து வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த வரியை எப்படி எழுதுவது? சொந்தமாகப் புனையக் கூடாது. கட்டுரைக்கு உள்ளிருந்தே எடுக்க வேண்டும். ஹேக்கர் நியூஸ் என்ற தொழில்நுட்ப விவாதத் தளத்தில் பல ஆண்டுகளாக ஒரு விதி இருக்கிறது: மூலத் தலைப்பை அப்படியே போடுங்கள், அது திசைதிருப்புவதாகவோ கிளிக்குக்குத் தூண்டில் போடுவதாகவோ இருந்தால் மட்டும் மாற்றுங்கள், உங்கள் கருத்தைத் தலைப்பில் ஏற்றாதீர்கள். அங்குள்ள நெறியாளர்கள் தலைப்பை மாற்றும்போது, முடிந்தவரை அந்தக் கட்டுரையில் இருக்கும் வாசகத்தையே எடுத்துப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் “நீ ஒரு பக்கம் சாய்ந்து எழுதுகிறாய்” என்ற குற்றச்சாட்டு எழ வழியில்லை. நம் குரூப்புகளுக்கு இது இன்னும் அவசியம்.

எடுத்துக்காட்டு ஒன்று. தலைப்பு: “அதிரடியாகச் சரிந்த தங்கம் விலை! நகைப் பிரியர்கள் குஷி.” உள்ளே: கிராமுக்கு 10 ரூபாய் குறைவு. சவரன் 8 கிராம் என்பதால் சவரனுக்கு 80 ரூபாய். எழுத வேண்டிய வரி: “இன்று சவரனுக்கு 80 ரூபாய் குறைந்திருக்கிறது.” அவ்வளவுதான். இதற்கு மேல் யாரும் சண்டை போட மாட்டார்கள். மழை விடுமுறைக்கு: “இதுவரை எந்த மாவட்டத்துக்கும் விடுமுறை அறிவிக்கவில்லை, ஆட்சியர்கள் முடிவெடுப்பார்கள் என்று மட்டும் செய்தியில் இருக்கிறது.” இப்படி எழுதத் தொடங்கினாலே பலருக்கு ஒரு விஷயம் புலப்படும்: பகிர்வதற்கு இதில் ஒன்றுமே இல்லை. லிங்க் போடாமலேயே விட்டுவிடுவார்கள். இந்தப் பழக்கத்தின் பெரிய பலன் அதுதான். வரியை எழுத முடியாத செய்தி தானாகவே வடிகட்டப்படுகிறது.

எழுதும்போது மூன்று விவரங்கள் இருந்தால் போதும்: என்ன நடந்தது, யார் சொன்னது, எந்தத் தேதி. தேதியை விடவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின் படங்கள் ஒவ்வொரு பெருமழைக்கும் “இப்போதைய சென்னை” என்று திரும்பி வருகின்றன. செய்தித் தளங்களும் பழைய கட்டுரையின் மேல் “புதுப்பிக்கப்பட்டது” என்று புதுத் தேதி போடுவதுண்டு. முதலில் வெளியான தேதி எது என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்க வேண்டும்.

யூடியூப் லிங்க்குகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. அங்கே பொய் பெரும்பாலும் தலைப்பில் இருக்காது, வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயிலில் இருக்கும். தலைப்பு சட்டச் சிக்கல் வராதபடி கேள்விக்குறியோடு முடியும். தம்ப்நெயிலில் சிவப்புப் பின்னணியில் “கைது?”, “ராஜினாமா?” என்று இரண்டு முகங்கள். ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை வைத்து எது அதிக நேரம் பார்க்க வைக்கிறது என்று சோதிக்கும் வசதியையே யூடியூப் தருகிறது. தலைப்பிலோ தம்ப்நெயிலிலோ சொன்னது வீடியோவில் இல்லாமல் ஏமாற்றுவதைக் கட்டுப்படுத்தப் போவதாக, குறிப்பாக உடனடிச் செய்திகளில், 2024 டிசம்பரில் இந்தியாவுக்கென்று அந்நிறுவனம் அறிவித்தது. அது எந்த அளவு நடந்தாலும் குரூப்புக்கு வரும் வீடியோவுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: எத்தனையாவது நிமிடத்தில் அந்த விஷயம் வருகிறது என்று குறிப்பிடாமல் வீடியோ லிங்க் போடக் கூடாது. நிமிடத்தைச் சொல்ல முடியாதவர் வீடியோவைப் பார்க்கவில்லை என்று பொருள்.

இதுவரை சொன்னது உள்ளே உண்மை இருந்து வெளியே ஒளித்த வகை. முழுப் பொய்க்கு இந்த மருந்து போதாது. தமிழில் அதன் முக்கிய வடிவம் போலி நியூஸ் கார்டு. ஏதாவது ஒரு பிரபல தொலைக்காட்சியின் லோகோ, ஒரு தலைவரின் படம், மேற்கோள் குறிக்குள் அவர் சொல்லாத ஒரு வாசகம். இதைச் சரிபார்ப்பது கடினமில்லை. முதலில் கார்டில் தேதி, நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தத் தொலைக்காட்சியின் அதிகாரப்பூர்வ எக்ஸ் அல்லது ஃபேஸ்புக் பக்கத்தில் அதே தேதிக்குப் போய், அன்று வந்த கார்டுகளோடு ஒப்பிடுங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் தங்களுக்கென ஒரே எழுத்துருவைத்தான் பயன்படுத்தும். போலியில் எழுத்துரு மாறியிருக்கும், வரிகளுக்கு நடுவே இடைவெளி பிசகியிருக்கும், ஒற்றுப்பிழை இருக்கும். பல நேரம் அதே நாளின் உண்மையான கார்டு ஒன்றை எடுத்து வாசகத்தை மட்டும் அழித்து மாற்றியிருப்பார்கள். அந்த அசல் கார்டு கிடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து “பொய்” என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நிறுவனங்களே போட்டுவிட்டு நீக்குவதும் உண்டு. “அந்தப் பக்கத்தில் இப்போது இல்லை” என்று மட்டும் சொல்லுங்கள்.

நம்ப முடியாததாக இருப்பதே பொய்க்குச் சான்று ஆகாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2015 வெள்ளத்தில் சென்னை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று பரவியது வதந்தி, பண்ணை மறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் பக்கம் சாலையில் முதலை ஊர்ந்த வீடியோ வந்தது. எட்டு ஆண்டு முந்தைய ஞாபகத்தில் இதையும் வதந்தி என்று ஒதுக்கியிருந்தால் அது தவறு. வீடியோ உண்மைதான், அப்பகுதி நீர்நிலைகளில் சதுப்பு நில முதலைகள் இருப்பதை அரசு அதிகாரிகளே சொன்னார்கள்.

அலட்சியத்தின் விலை எவ்வளவு என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போக வந்த குடும்பத்தின் மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி அந்தப் பகுதியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நாடு முழுக்க இப்படி நடந்த கொலைகளுக்குப் பிறகு அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு மெசேஜை ஐந்து சாட்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வேர்டு செய்ய முடியாது என்று கட்டுப்படுத்தியது. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பழைய, தொடர்பில்லாத வீடியோக்கள் இந்தியில் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே விசாரிக்க வந்தது. தமிழ்நாடு காவல்துறை மறுத்து வழக்குகள் பதிந்தது. 

ஃபார்வேர்டு அடையாளத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒற்றை அம்பு என்றால் எங்கிருந்தோ வந்தது. இரட்டை அம்போடு “பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது” என்று இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும். இரட்டை அம்பு உள்ள எதுவும் குரூப்புக்குள் வரக் கூடாது என்று வைத்துக்கொள்வது நல்ல விதி, யாருக்கும் எளிதில் புரியும். ஆனால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தோ நகலெடுத்து ஒட்டியோ அனுப்பினால் அம்பு காணாமல் போய்விடும். அம்பு இல்லாததால் புதிது என்று எண்ண வேண்டாம்.

விதி போட்ட குரூப்புகளிலும் எங்கே சறுக்குகிறது என்றால், முதல் பத்து நிமிடத்தில். முதல் பதில் எந்தத் தொனியில் வருகிறதோ அதே தொனியில்தான் மீதி ஓடும். முப்பது மெசேஜ் ஆன பிறகு அட்மின் வந்து உண்மையைச் சொன்னால் யாருக்கும் அது தேவைப்படாது. அப்போது பேச்சு ஆளுக்கு ஆள் ஆகியிருக்கும். ஆகவே அட்மின் ஒருவர் போதாது. காலையில் பார்ப்பவர், பகலில் பார்ப்பவர், இரவு பார்ப்பவர் என்று மூவர் வேண்டும். அவர்களுக்குள் அரசியல் சாய்வு வேறுவேறாக இருப்பது நல்லது. ஒரே கட்சிக்காரர்கள் அட்மினாக இருக்கும் குரூப்பில் எந்த நீக்கமும் நியாயமாகத் தெரியாது.

பகிர்ந்தவரைக் குரூப்பில் வைத்துத் திருத்தக் கூடாது. நம் குரூப்புகளில் இப்படிப் பகிர்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். தம்பி வயதுள்ளவன் எல்லார் முன்னாலும் “ஃபேக்” என்று சொன்னால் அவர் அந்தச் செய்தியைக் காக்கத்தான் நிற்பார். பிறகு அவருக்கு ஆதரவாக நான்கு பேர் வருவார்கள். தனியாக அனுப்புங்கள்: “சார், நீங்க போட்ட லிங்க்கைத் திறந்து பார்த்தேன். தலைப்புல இருக்கிற மாதிரி உள்ளே இல்லை, ஆட்சியர் இன்னும் அறிவிக்கலைன்னுதான் இருக்கு. நீங்களே ஒரு வரி சேர்த்துட்டீங்கன்னா நல்லா இருக்கும்.” சொந்தக்காரர் குரூப் என்றால் சாருக்குப் பதில் மாமா, சித்தப்பா. திருத்தம் அவர் பெயரில் வர வேண்டும் என்பதுதான் இதன் உயிர். பெரும்பாலோர் நன்றி சொல்லி மாற்றிவிடுவார்கள். அனைவருக்குமாக நீக்கும் வசதி அவரிடம் இரண்டு நாளைக்கு மேல் இருக்கிறது. கால் மணி நேரத்தில் பதில் இல்லாமல், குரூப்பில் சூடு ஏறினால் மட்டும் அட்மின் நீக்கலாம். அப்படி நீக்கும்போது எந்த அட்மின் நீக்கினார் என்பது எல்லாருக்கும் தெரியும். காரணத்தையும் ஒரு வரியில் உடனே எழுதிவிட வேண்டும். காரணம் சொல்லாத நீக்கம் அடுத்த சண்டைக்கு விதை.

பொதுவில் திருத்தம் எழுத வேண்டி வந்தால் பொய்யை முதல் வரியில் எழுதாதீர்கள். “நாளை விடுமுறை என்பது பொய்” என்று எழுதினால் வேகமாகப் பார்ப்பவர் கண்ணில் “நாளை விடுமுறை” தங்கும். “நாளை பள்ளிகள் வழக்கம்போல் இயங்கும் என்று இப்போதைய நிலவரம், விடுமுறை என்று வந்த தலைப்புக்கு ஆதாரம் இல்லை” என்று உண்மையில் தொடங்குங்கள். தவறான படத்தை மறுபடி போடவே வேண்டாம். போட்டே தீர வேண்டுமென்றால் குறுக்கே பெரிதாக “தவறு” என்று எழுதிப் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மறுப்பிலிருந்தே அது வெட்டி எடுக்கப்பட்டுப் பரவும்.

செய்தியே வேண்டாம் என்று முழுத் தடை போடும் குரூப்புகள் உண்டு. குடியிருப்புக்கு அது சரிப்படாது. மின்தடை, குடிநீர் லாரி, புயல் எச்சரிக்கை, சாலை மூடல் எல்லாம் செய்திதான். தடை வந்ததும் பத்துப் பேர் பிரிந்து வேறு குரூப் தொடங்குவார்கள்; அங்கே விதியே இருக்காது. அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டுவது ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் சூடு தணிவதற்கு உதவும். நாள்கணக்கில் பூட்டினால் குரூப் செத்துவிடும்.

விதியைக் குரூப் விவரத்தில் புதைத்து வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். கண்ணெதிரே ஒட்டி வைத்தால் படிக்கிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு. ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில், அப்போது 1.3 கோடி உறுப்பினர் கொண்ட அறிவியல் பிரிவில் நேத்தன் மட்டையஸ் என்ற ஆய்வாளர் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனையில், விதிகளை ஒவ்வொரு விவாதத்தின் தலையிலும் ஒட்டியபோது புதியவர்கள் விதியைப் பின்பற்றுவது 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. அவர்கள் பங்கேற்பதும் குறையவில்லை, கூடியது. ட்விட்டர் 2020-இல் “படித்தீர்களா?” என்று பகிர்வதற்கு முன் கேட்கத் தொடங்கியதும் கட்டுரையைத் திறப்பது 40 சதவீதம் கூடியதாகச் சொன்னது. வாட்ஸ்அப்பில் இதற்கு இணையானது ஒரு மெசேஜை குரூப்பின் மேலே ஒட்டி வைக்கும் ‘பின்’ (pin) வசதி. 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம்.

‘பின்’ செய்ய இந்த அளவு போதும்: “செய்தி லிங்க் போடுபவர் என்ன நடந்தது, யார் சொன்னது, எந்தத் தேதி என்று ஒரு வரி எழுதவும். வரி இல்லாத லிங்க்கும் இரட்டை அம்பு ஃபார்வேர்டும் நீக்கப்படும், எந்தக் கட்சி பற்றியதாக இருந்தாலும். வரி சேர்த்து மறுபடி போடலாம்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நீக்கப்பட்டவர் திரும்பி வர அதுதான் வழி. தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலும் பருவமழை தொடங்கும் வாரத்திலும் 30 நாள் இருக்கும்படி ‘பின்’ செய்யுங்கள். மற்ற மாதங்களில் தேவைப்படும்போது 7 நாள். எப்போதும் ஒட்டியிருக்கும் அறிவிப்பு கண்ணுக்குப் பழகிப்போய் யாரும் பார்க்காததாகிவிடும்.